திருடுபோன மடிக்கணினி ஏன் பேசுவதில்லை?

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், தலைக்கு மேலே கம்பித் தட்டு நிறையப் பைகள். பாதிப் பைகளில் மடிக்கணினி இருக்கும். பல்லாவரம் தாண்டும்போது கூட்டத்தில் கையை அசைக்கக்கூட இடம் இருக்காது. கிண்டியில் இறங்கும்போது ஒருவர் மேலே பார்க்கிறார். பை இல்லை.

அப்போது அவர் மனதில் எழும் கேள்வி நம் எல்லோருக்கும் உள்ள கேள்விதான். “போன் போனால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். லேப்டாப் அதைவிடப் பெரிய கருவி, அதுவும் இணையத்தில் சேர்கிறது. அதை மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?”

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு மடிக்கணினியைப் பின்தொடர்வோம். நமது உதாரணத்துக்காக நானே வரைந்துகொண்டது இது: கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இறுதியாண்டு மாணவி. கிண்டியில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகிறார். அவருடைய பை தாம்பரத்தில் இறங்கிய யாரோ ஒருவரின் தோளில் ஏறிவிட்டது. அன்று மாலை 6.40-க்குச் சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு வீட்டில் அந்தக் கணினி திறக்கப்பட்டு, வைஃபையில் இணைகிறது. அந்த நொடியில் அது உலகத்துக்கு என்னென்ன சொல்கிறது? யாரிடம் சொல்கிறது?

போனுக்கு இருப்பது, இதற்கு இல்லாதது

ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்று உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். சிம் போட்ட போன், நாம் பேசாவிட்டாலும், பக்கத்துக் கோபுரத்தோடு அவ்வப்போது தொடர்புகொண்டபடியே இருக்கும். அப்படித் தொடர்புகொள்ளும்போது இந்த எண் தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியவருகிறது.

இதை வைத்துத்தான் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு பொதுப் பதிவேட்டை உருவாக்கியது. 2023 மே மாதம் முதல் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியாக நாட்டில் எங்கிருந்தும் அதைப் பயன்படுத்த முடிகிறது. காவல் நிலையப் புகாரோடு எண்ணைப் பதிந்தால் அந்தப் போன் எல்லா நிறுவனங்களின் வலையிலும் முடக்கப்படும். யாராவது அதில் புது சிம் போட்டால் தகவல் போலீசாருக்குப் போகும். தொலைந்த போன்களை உரியவர்களிடம் வரிசையாக ஒப்படைக்கும் செய்திப் படங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் சிம் கிடையாது. அதனால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கிடையாது. அது எந்தக் கோபுரத்திடமும் வணக்கம் சொல்வதில்லை. யாராவது திறந்து வைஃபையில் சேர்க்கும் வரை, பெரும்பாலும் அது வெறும் பெட்டி.

வீட்டில் கூப்பிடும் பெயர்

“அதற்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டே, அதை வைத்துப் பிடிக்க முடியாதா?” கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உடனே இப்படிக் கேட்பார்கள். இந்த நம்பிக்கையால் பல நாள்களை வீணாக்கியவர்கள் உண்டு. ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

மேக் முகவரியை வன்பொருள் முகவரி என்று சொல்லலாம். கணினியின் வைஃபைச் சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே தரப்படும் 12 குறிகள் அவை. 0 முதல் 9 வரையிலான எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்து வரும். முதல் ஆறு குறிகள், தயாரித்த நிறுவனத்துக்கு ஐ.இ.இ.இ. என்ற உலகப் பொறியாளர் அமைப்பு ஒதுக்கியவை. அடுத்த ஆறு அந்தச் சில்லுக்கே உரியவை.

அப்படியென்றால் தனித்துவமான அடையாளம்தானே? ஆம். ஆனால் அது வீட்டு வாசலைத் தாண்டாது. வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் யாருக்கும் தெரியாது, அல்லவா? அதுபோல, வன்பொருள் முகவரி கணினிக்கும் அதே வீட்டின் ரூட்டருக்கும் இடையே கூப்பிடும் பெயர். தகவல் ரூட்டரைத் தாண்டி வெளியே போகும்போது அந்தப் பெயர் கழற்றப்படுகிறது. அடுத்த கட்டத்தில் ரூட்டர் தன் பெயரைப் போட்டு அனுப்பும். அதற்கடுத்த கருவி அதையும் கழற்றிவிட்டுத் தன் பெயரைப் போடும்.

ஆகவே நம் மாணவியின் கணினி மாலை 6.40-க்கு ஒரு காணொளித் தளத்தைத் திறந்தால், அந்தத் தளத்துக்கு வன்பொருள் முகவரி போய்ச் சேராது. கேம்ப் ரோட்டு வீட்டின் ரூட்டருக்கு மட்டுமே அது தெரியும். அந்த வீடு எது என்று தெரிந்தால்தான் ரூட்டரைப் பார்க்க முடியும். வீடு தெரிந்துவிட்டால் முகவரியே தேவையில்லை! தவிர, இன்றைய போன்களும் கணினிகளும் தனியுரிமைக்காக இந்த முகவரியை மாற்றி மாற்றிக் காட்டவும் செய்கின்றன.

பிடிபட்ட பிறகு ‘இது என் கணினிதான்’ என்று நிரூபிக்க வன்பொருள் முகவரி உதவும். தேடுவதற்கு உதவாது.

அடுக்கக வாசலும் காவலாளியின் நோட்டும்

வெளியே போகும் தகவலில் ஒட்டியிருப்பது வேறொரு முகவரி: ஐ.பி. முகவரி. இணைய முகவரி என்போம். பழைய முறையில் இவற்றின் மொத்த எண்ணிக்கை சுமார் 429 கோடிதான். உலகின் மக்கள்தொகைக்கே போதாது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுத்திவைக்கின்றன.

நூறு வீடுகள் உள்ள அடுக்கக வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது பெரிய வாசல் ஒன்றுதான். எந்த வீட்டிலிருந்து எந்தக் கடிதம் எப்போது போனது என்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் நோட்டில் இருக்கும். இணைய நிறுவனமும் அப்படி ஒரு நோட்டை வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நம் மாணவியின் ஜிமெயில், திருடியவர் திறந்தபோது தானாகப் புது அஞ்சல்களை இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் பார்த்தால், அண்மைய நடவடிக்கைகளின் பட்டியல் உண்டு. நேரமும் இணைய முகவரியும் அதில் இருக்கும். அவர் அந்தத் திரையைப் படம் பிடித்துவைக்கிறார். அந்த முகவரியை இணையத்தில் தேடினால் என்ன வரும்? ஒரு நிறுவனத்தின் பெயரும் ‘சென்னை’ என்ற ஊரும். சில நேரம் அந்த நிறுவனத்தின் கருவி எங்கே இருக்கிறதோ அந்த ஊர், மும்பை என்றுகூட வரும். கேம்ப் ரோடு என்று வராது.

வீட்டைச் சொல்லக்கூடியது காவலாளியின் நோட்டு மட்டுமே. அதைப் பார்க்கக் காவல்துறை எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். அதற்கான அதிகாரத்தை 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு தருகிறது. உரிமையாளரே போய்க் கேட்டால் நிறுவனம் தராது, தரவும் கூடாது. இன்னொருவரின் வீட்டு முகவரி அது.

ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். பல பதிவுகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நமக்கு மாலை 6.40 என்றால் பதிவில் 13.10. புகாரில் வெறும் ‘6.40’ என்று எழுதினால், நூறு வீடுகள் ஒரே வாசலில் நிற்கும்போது, வேறு யாரோ ஒருவரின் கதவு தட்டப்படும். ஆகவே ‘இந்திய நேரம்’ என்று சேர்த்தே எழுத வேண்டும்.

ஜி.பி.எஸ். இல்லாமல் இடம் காண்பது

மடிக்கணினியில் பொதுவாக ஜி.பி.எஸ். கிடையாது. ஆனாலும் வரைபடத்தைத் திறந்தால் நம் தெருவைக் காட்டுகிறதே, எப்படி?

சுற்றியுள்ள வைஃபை ரூட்டர்களை வைத்துத்தான். ஒவ்வொரு ரூட்டரும் தன் வன்பொருள் முகவரியை நொடிக்குப் பல முறை காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் அதில் இணைய வேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். கேம்ப் ரோட்டில் ஒருவர் ஜி.பி.எஸ். உள்ள போனோடு நடக்கிறார். ‘இந்த இடத்தில் இந்த ரூட்டர்கள் கேட்டன’ என்று அந்தப் போன் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ சொல்கிறது. இப்படி ஆயிரம் பேர் நடந்தால் தெருவில் உள்ள அத்தனை ரூட்டர்களுக்கும் வரைபடம் தயார். 2008 ஜனவரியில், ஜி.பி.எஸ். இல்லாத முதல் ஐபோனில் இருப்பிடம் காட்டிய ஸ்கைஹுக் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இதுதான்.

இப்போது நம் கணினியின் இடத்தைக் கணக்கிடுவோம். சமன்பாடு வேண்டாம், மளிகைக்கடைக் கணக்கு போதும். ஒரு தெரு நேராக ஓடுகிறது. அதன் முனையில் ஒரு தேநீர்க் கடையின் ரூட்டர். அங்கிருந்து 30 மீட்டரில் மருந்துக்கடையின் ரூட்டர். 80 மீட்டரில் ஒரு வீட்டின் ரூட்டர். கணினிக்குத் தேநீர்க் கடை உரக்கக் கேட்கிறது, மருந்துக்கடை நடுத்தரமாக, வீடு மெல்லியதாக. உரக்கக் கேட்பதற்கு 6 மதிப்பெண், நடுத்தரத்துக்கு 3, மெல்லியதற்கு 1 கொடுப்போம்.

தேநீர்க் கடை இருப்பது தொடக்கத்தில், ஆகவே 0 மீட்டரை 6 முறை கூட்டினாலும் 0. மருந்துக்கடை 30 மீட்டர், 3 முறை, 90. வீடு 80 மீட்டர், ஒரு முறை, 80. மொத்தம் 170. மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 10. வகுத்தால் 17. முனையிலிருந்து சுமார் 17 மீட்டரில், தேநீர்க் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, கணினி இருக்கிறது.

உண்மையான முறைகள் இதைவிட நுட்பமானவை. ஆனால் உள்ளே ஓடும் எண்ணம் இதுதான்: உரக்கக் கேட்பவர் பக்கத்தில் இருக்கிறார்.

சுவர்கள் ஒலியை மட்டுப்படுத்துவது போல வைஃபையையும் மட்டுப்படுத்தும். அதனால் பதில் புள்ளியாக வராது, வட்டமாக வரும். அந்த 17 மீட்டரைச் சுற்றி முப்பது மீட்டர் வட்டம் போட்டால், அதற்குள் மூன்று மாடி அடுக்ககங்கள் இரண்டு அடங்கலாம். ஒவ்வொன்றிலும் 12 வீடுகள் என்றால் 24 கதவுகள். கணினி முதல் மாடியிலா மூன்றாம் மாடியிலா என்று வரைபடம் சொல்லாது. 24 கதவுகளில் 23 நிரபராதிகளுடையவை. வரைபடத்தில் புள்ளி தெரிந்ததும் நான்கு நண்பர்களோடு வண்டியில் கிளம்பிப் போகக் கூடாது என்பதற்கு ஆபத்து ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. இந்தக் கணக்கைக் கணினி நமக்குச் சொல்ல வேண்டுமென்றால், முன்கூட்டியே அதற்கு அனுமதி தந்திருக்க வேண்டும். விண்டோஸில் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ வசதி 2015 முதல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, இருப்பிட வசதியையும் இதையும் இயக்கி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். திருடுபோன பிறகு இயக்க முடியாது.

உண்டியலில் விழும் சீட்டு

ஆப்பிள் 2019-இல் இன்னொரு வழியைத் திறந்தது. மூடி வைத்த, இணையத்தில் இல்லாத மேக் கணினிகூட புளூடூத் வழியாக மெல்லிய குரலில் ஒரு குறியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வழியே போகும் யாரோ ஒருவரின் ஐபோன் அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தை ஒரு சீட்டில் எழுதி, பூட்டி, ஆப்பிளுக்கு அனுப்பும்.

பூட்டி என்றால்? கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் போடலாம், சாவி உள்ளவர் மட்டுமே திறக்கலாம். அந்தக் கணினி காற்றில் சொல்லும் குறி ஒரு உண்டியலைப் போன்றது. சாவி உரிமையாளரின் மற்றக் கருவிகளில் மட்டும் இருக்கிறது. சீட்டைப் போட்ட ஐபோன்காரருக்கு எதுவும் தெரியாது, ஆப்பிளாலும் படிக்க முடியாது. குறியும் அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதால் வேறு யாரும் அதைப் பின்தொடர முடியாது. 2021-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஏற்பாட்டைப் பிரித்து ஆராய்ந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று வெளியிட்டார்கள்.

தாம்பரம் ரயில் நிலையம் போல ஆயிரக்கணக்கானோர் கடக்கும் இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டம் இல்லாத புறநகர் மனையில், ஐபோன் கடந்து போகும் வரை மௌனம்தான்.

அழித்துவிட்டால்?

கேம்ப் ரோட்டு வீட்டில் இருப்பவர் ஒரு பென் டிரைவைச் செருகி, கணினியைத் துடைத்துப் புது விண்டோஸ் ஏற்றுகிறார். ஒரு மணி நேர வேலை. பழைய கணக்கு போயிற்று, அதோடு இருப்பிடம் சொல்லும் வசதியும் போயிற்று. வீட்டு உபயோகக் கணினிகள் பலவற்றின் தடம் முடிவது இங்கேதான்.

இதற்கு மாற்று உண்டு. 1993-இல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய ஆப்சலூட் நிறுவனத்தின் மென்பொருள், வட்டில் தங்காமல் தாய்ப்பலகையின் நிலைபொருளில் குடியிருக்கும். நிலைபொருள் என்பது கணினி கண் விழித்ததும் முதலில் படிக்கும் குறிப்பு. வட்டைத் துடைத்தாலும், புது விண்டோஸ் எழுந்ததும் அது மீண்டும் தன்னை நிறுவிக்கொள்ளும். பல நிறுவனக் கணினிகளில் இது முன்பே இருக்கும், ஆனால் சந்தா செலுத்தினால்தான் விழிக்கும். ஆப்பிளின் புதிய மேக் கணினிகளில், துடைத்த பிறகும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும் பூட்டு உண்டு.

கணினி போனாலும் அதிலுள்ளவை பிறர் கையில் சிக்கக் கூடாது என்பது தனிக் கவலை. அதற்கு மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை முழுக்கக் கலைத்து எழுதுதல். விண்டோஸில் அதன் பெயர் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். பிட்லாக்கரின் வழக்கமான சாவிக்கு 340-க்குப் பின்னால் 36 சுழிகள் போட்டால் வரும் அளவுக்குச் சாத்தியங்கள். நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளை முயன்றாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும்.

காகிதம்தான் மீட்கிறது

2020 டிசம்பரில் குஜராத்தின் ஜாம்நகரில் மருத்துவக் கல்லூரி விடுதி ஒன்றில் மடிக்கணினிகள் திருடுபோயின. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞரைப் போலீசார் கைது செய்தார்கள். 2015 முதல் நாட்டின் பல ஊர்களில் மருத்துவ மாணவர்களின் சுமார் 500 மடிக்கணினிகளை அவர் எடுத்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு குவியல் காவல் நிலைய மேசையில் இருக்கும்போது, எது யாருடையது என்று சொல்லக்கூடியது எது? கணினியின் அடியில் அச்சிடப்பட்ட சீரியல் எண். வட்டைத் துடைத்தாலும் தாய்ப்பலகையின் நினைவில் அது இருக்கும்.

இதை எழுதும்போது என் கணினியைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளாக மேசையில் உரசியதில் சீரியல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, எண்ணைப் போனில் படம் பிடித்து, எனக்கே அஞ்சலும் அனுப்பிவைத்தேன்.

நம் மாணவி என்ன செய்ய வேண்டும்? முதலில் ஜிமெயிலின் நடவடிக்கைப் பட்டியலைப் படம் பிடிக்க வேண்டும். அடுத்து, தாமதிக்காமல், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். ரயிலில் நடந்த திருட்டு ஆகையால் ரயில்வே காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும். தெருவிலோ அறையிலோ நடந்திருந்தால் உள்ளூர்க் காவல் நிலையம். தாம்பரம் வட்டாரத்துக்கு 2022 ஜனவரி 1 முதல் தனி மாநகரக் காவல் ஆணையரகமே இருக்கிறது. எல்லை குழப்பமாக இருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரச் சட்டம் இடம் தருகிறது.

புகாரில் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதக் கூடாது. ‘திருடுபோனது’ என்று எழுத வேண்டும். தொலைந்த பொருளுக்கு விசாரணை இல்லை. சீரியல் எண், வன்பொருள் முகவரி, பில் நகல், நேரத்தோடு கூடிய இணைய முகவரி, ஏறிய இறங்கிய நிலையங்கள், எல்லாம் புகாரிலேயே இருக்கட்டும். சி.எஸ்.ஆர். ரசீது, மனு வாங்கியதற்கான சான்று மட்டுமே. விசாரணையின் தொடக்கம் முதல் தகவல் அறிக்கை. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். ரயில் நிலையக் கேமராக்களின் பதிவுகள் சில வாரங்களில் மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் முதல் நாளே கேட்க வேண்டும்.

கணினி கிடைத்த பிறகும் அது வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் மனு போட்டு, பில்லையும் சீரியல் எண்ணையும் காட்டித்தான் பெற வேண்டும். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் நீண்ட காலம் கிடக்க விடாமல், படம் எடுத்துப் பதிவு செய்துவிட்டு உரியவரிடம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இன்று இரவு பத்து நிமிடம்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரிப் பிள்ளையின் முதல் கணினி அதுதான், வீட்டிலிருக்கும் ஒரே கணினியும் அதுதான். அது போனால் செய்முறைத் திட்டமும் விண்ணப்பங்களும் குடும்பப் படங்களும் சேர்ந்தே போகின்றன.

இந்த அத்தியாயத்தில் பார்த்த வழிகளில் பெரும்பாலானவை, திருட்டுக்கு முன்பே திறந்து வைத்திருந்தால் மட்டுமே பயன்படுபவை. ஆகவே புத்தகத்தை மூடும் முன் ஐந்து வேலைகள். கணினியின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். பில்லை அதோடு சேர்த்து மின்னஞ்சலில் வையுங்கள். இருப்பிடம் சொல்லும் வசதியை இயக்குங்கள். மறையாக்கத்தை இயக்கி, அதன் மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதிவையுங்கள். முக்கியமான கோப்புகளை இன்னொரு இடத்தில் பிரதி எடுங்கள்.

நாளைக் காலை ரயிலில் பையைத் தட்டில் வைக்காமல், முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.